கடல் இல்லாத ஈரம் – ஒரு ஸ்பிரிங் பெட்டியின் கதை

செமஸ்டர் பேப்பர் எல்லாம் கொடுத்து முடிச்சாச்சு. ரெண்டு மாசமா ஈ ஓட்டிக்கிட்டிருந்த இந்தப் பக்கத்துக்கு இப்பத்தான் நேரம் கிடைச்சிருக்கு. இன்னைக்கு வரலாறு. ராஜராஜ சோழன் எல்லாம் இல்லை, பயப்படாதீங்க :-) ரெண்டு கம்பிச் சுருளோட வரலாறு.

ஷார்ஜாவில் என்கூட அறையில் இருக்கிற நண்பன் ஒரு கிடார் பைத்தியம். 'பல்ப் ஃபிக்‌ஷன்' (1994) படத்தோட ஆரம்பத்துல தடதடதடன்னு வருமே, அந்த கிடார் சத்தம் தன் கிடார்ல வரணும்னு மூணு மாசமா மல்லுக்கட்டுறான். சர்ஃப் கிடார்னு அதுக்குப் பேர். கலிஃபோர்னியா, கடற்கரை, அலைச்சறுக்குப் பலகை, 1960-கள்... இதெல்லாம் சேர்ந்த ஒரு சத்தம். கேட்டாலே தண்ணி சொட்டுற மாதிரி ஒரு ஈரம் இருக்கும்.

அவனுக்கு உதவப் போய்த்தான் நான் இதைத் தோண்டிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சது. அந்தச் சத்தத்துல கடலோட பங்கு ரொம்பக் குறைச்சல். அதுல இருக்கிற ஒவ்வொரு பொருளும் வேற வேற இடத்துலேர்ந்து வந்தது. அதுல முக்கியமான ரெண்டு, இங்கே அரபு மண்ணுல இருக்கிற நமக்கு ரொம்பக் கிட்டக்க இருக்கு.

முதல்ல கடலை முடிச்சுடுவோம். நம்ம வளைகுடா ரொம்ப ஆழமில்லாத கடல். சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர்தான். ஷமால் காத்து பலமா அடிக்கிற நாட்கள்ல கொஞ்சம் அலை வரும், மத்த நாள்ல குளம் மாதிரி கிடக்கும். அதனாலதான் அபுதாபியில ஹுதைரியாத் தீவுல 2024-ல் மெஷின் வெச்சு அலை உண்டாக்குற ஒரு பெரிய குளத்தையே திறந்தாங்க. கெல்லி ஸ்லேட்டர் என்ற சறுக்கு வீரரோட கம்பெனி தொழில்நுட்பம். கடலே பக்கத்துல இருக்க, அலையைப் பெட்டிக்குள்ள செய்யறாங்க. நம்ம கதையும் கிட்டத்தட்ட அதேதான்.

டெலிபோன்காரர்கள் செஞ்ச ஸ்பிரிங்

ரிவெர்ப் என்றால் என்ன? பெரிய மண்டபத்துலயோ கோயில் பிராகாரத்துலயோ கை தட்டினா, சத்தம் உடனே நிக்காது. சுவர் சுவரா முட்டித் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போகும். அந்தக் கரையும் வால்தான் ரிவெர்ப்.

இதை ஸ்பிரிங் வெச்சுப் போலியா உண்டாக்கலாம்னு வழி காட்டினது இசைக்காரங்க இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகம். அவங்க கவலை வேற. தொலைதூர டெலிபோன் லைன்ல பேசினா குரல் போய்ச் சேரத் தாமதமாகும், பேசினவங்க குரலே எதிரொலியா திரும்பி வரும். அந்தத் தாமதத்தை ஆய்வகத்துக்குள்ளேயே உண்டாக்கிப் பார்க்கணும். அதுக்காக நூத்துக்கணக்கான மைல் கம்பி இழுக்க முடியுமா? குரலை மின்சாரத்துலேர்ந்து அதிர்வா மாத்தி, ஒரு நீளச் சுருள் கம்பி வழியா அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி மின்சாரமா பிடிச்சாங்க. சுருளுக்குள்ள அதிர்வு மெதுவா நகரும். கையடக்கத்துல 'தூரம்' ரெடி.

இந்த வரியைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பும் வந்தது, வேற என்னமோவும் வந்தது. எங்க வீட்ல 'தூரம்' எப்படிக் கேட்கும்னு அம்மா பல தடவை சொல்லியிருக்காங்க. 90-கள்ல அப்பா துபாய்ல, அம்மா பரமக்குடியில. வெள்ளிக்கிழமை ஐ.எஸ்.டி. பூத்துல காத்திருந்து போன் எடுத்தா, "நல்லாருக்கீங்களா"ன்னு கேட்டு முடிச்சதும் தன் குரலே "...ருக்கீங்களா"ன்னு திரும்பி வருமாம். செயற்கைக்கோள் நமக்கு மேல சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு. அங்கே போய் இறங்கவே ஏறக்குறைய கால் செகண்ட் ஆகும். ஒருத்தர் பேசி முடிச்சு, கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் அடுத்தவர் பேசணும். அவசரப்பட்டா ரெண்டு பேர் குரலும் முட்டிக்கும். மீட்டர் மட்டும் முட்டாம ஓடிக்கிட்டே இருக்கும். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பின எந்த வீட்லயும் இந்தக் கதை இருக்கும். அந்த எதிரொலியைத்தான் பெல் ஆய்வகத்துக்காரங்க ஒரு சுருள் கம்பிக்குள்ள அடைச்சாங்க.

தேவாலயத்துக்கு ஆசைப்பட்ட வரவேற்பறை

அடுத்து வர்றவர் லாரன்ஸ் ஹம்மண்ட். 1935-ல் மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொண்டு வந்தவர். தேவாலயத்துல குழாய் ஆர்கன் கேட்டவங்க இதை வாங்கி வீட்ல வெச்சா ஏமாந்து போனாங்க. வீட்ல கம்பளம், சோபா, திரைச்சீலை. எல்லாம் சத்தத்தைக் குடிச்சுடும். வாசிச்ச ஸ்வரம் கட்டைய வெட்டின மாதிரி நிக்கும். அதனால ஹம்மண்ட் பெல்காரங்களோட ஸ்பிரிங் யோசனையைத் தன் ஆர்கனுக்கு எடுத்துக்கிட்டார். முதல்ல வந்தது கிட்டத்தட்ட நாலடி உயரப் பெட்டி, சில ஸ்பிரிங்குகள் எண்ணெய்க் குழாய்க்குள்ள முங்கியிருக்கும். இதை வெச்சுக்கிட்டு ஊர் ஊரா கச்சேரிக்குப் போனா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

1960-வாக்கில் அது சுருங்கிச்சு. சுமார் 17 அங்குல நீளத் தகரத் தட்டு, அதுக்குள்ள ரெண்டு ஸ்பிரிங் வரிசை. ஒவ்வொரு வரிசையும் எதிரெதிர்த் திசையில சுத்தின ரெண்டு சுருளைக் கோத்துச் செஞ்சது. ஒரு வரிசையில அதிர்வு போய்ச்சேர ஏறக்குறைய 33 மில்லி செகண்ட், இன்னொண்ணுல 41. ஏன் இந்த வித்தியாசம்? ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா "டக் டக் டக்"னு எதிரொலியா தனியா கேட்கும். முன்ன பின்ன வந்தா ஒண்ணோட இடைவெளியை இன்னொண்ணு நிரப்பி, அறை மாதிரி கேட்கும். இதோட வாரிசுகளை அக்குட்ரானிக்ஸ் என்ற பேர்ல இன்னைக்கும் வாங்கலாம்.

கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் ஊர்ல லியோ ஃபெண்டர் இந்தத் தட்டை வாங்கி, வால்வு சர்க்யூட் சேர்த்து, தனிப் பெட்டியா 1961-ல் வெளியிட்டார். மாடல் எண் 6ஜி15. மூணே திருகு: டுவெல், மிக்ஸர், டோன். கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல அதைச் செருகணும். இதான் நம்ம கதாநாயகன்.

கடற்கரையில ஒரு லெபனான் வீட்டுப் பிள்ளை

இந்தப் பெட்டியோட சேர்த்துச் சொல்லப்படுற பேர் டிக் டேல். நிஜப் பேர் ரிச்சர்ட் மான்சூர். 1937-ல் பாஸ்டன்ல பிறந்தவர், அப்பா வழி லெபனான் வம்சம். 1954-ல் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. தனக்குக் குரல்ல நடுக்கம் வராது, பாடினா தட்டையா நிக்குது, ஹம்மண்ட் ஆர்கன்ல இருக்கிறதைப் பார்த்து ரிவெர்ப் கேட்டது பாட்டுக்காகத்தான், கிடாரைச் செருகினது அப்புறம்தான்னு அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார்.

இங்கே ஒரு வேடிக்கை. சர்ஃப் இசையோட முதல் தட்டுகள்னு சொல்ற டேலோட 'லெட்ஸ் கோ டிரிப்பின்' (1961), பெல்-ஏர்ஸ் குழுவோட 'மிஸ்டர் மோட்டோ' (1961) ரெண்டுலயும் இந்த ஸ்பிரிங் ஈரம் கிடையாது. காய்ஞ்சு கிடக்கும்! பெட்டி வந்தப்புறம் அதை வெச்சுச் சண்டையே வந்தது. பெல்-ஏர்ஸ்ல எடி பெர்ட்ராண்டுக்கு ரிவெர்ப் பிடிச்சது, பால் ஜான்சனுக்குப் பிடிக்கலை. 1963-ல் குழு உடைஞ்சதுக்கு அது ஒரு காரணம். ஒரு தகரத் தட்டால பிரிஞ்ச நட்பு, பாவம்.

அடுத்த வேடிக்கை. ஊறப்போட்ட மாதிரி சொட்டச் சொட்ட ஈரமான ரிவெர்ப் எதுன்னு சர்ஃப் ரசிகர்களைக் கேட்டா, அஸ்ட்ரோநாட்ஸ் குழுவோட 'பாஹா' (1963) பேரைச் சொல்வாங்க. அவங்க ஊர் கொலராடோ மாநிலத்து போல்டர். ராக்கி மலை அடிவாரம். கடலுக்குப் போகணும்னா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல வண்டி ஓட்டணும் :-)

அப்ப டேல் கொண்டு வந்தது என்ன? கை. வலது கை, இடது கைன்னு குறிப்பா சொல்ல முடியாது, ஏன்னா அவர் இடது கைக்காரர். வலது கைக்காரருக்குக் கட்டின கம்பிகளை அப்படியே தலைகீழா வெச்சு வாசிச்சார். அந்தத் தடதடப்பு எங்கேர்ந்து வந்தது? அவர் மாமா வீட்ல ஊத் வாசிப்பார், தர்புக்கா கொட்டுவார். ஒரே கம்பியில ஒரு பாட்டு வாசிக்க முடியுமான்னு ஒரு சின்னப் பையன் கேட்டப்ப, மாமா ஊத்ல வாசிச்ச ஒரு மெட்டு ஞாபகம் வந்து, அதை வேகமாக்கி வாசிச்சேன்னு டேல் சொல்லுவார். அதுதான் 1962-ல் தட்டா வந்த 'மிசர்லூ'. பல்ப் ஃபிக்‌ஷன் பாட்டு.

ஊத் வாசிக்கிறதை இங்கே பக்கத்துலேர்ந்து பார்த்திருக்கீங்களா? குட்டைக் கழுத்து, மெட்டுக் கட்டை கிடையாது, மீட்டின சத்தம் சீக்கிரம் செத்துப் போகும். அதனால ஸ்வரம் நீளணும்னா ரிஷா என்கிற மீட்டுகோலால அதே கம்பியை மேலயும் கீழயும் விடாம அடிச்சுக்கிட்டே இருக்கணும். டேல் செஞ்சது அதேதான். ஊத்துக்குத் தேவையில வந்த பழக்கம், மின்சார கிடார்ல மிரட்டலா ஆயிடுச்சு.

மிஸ்ரிலேர்ந்து மாயாமாளவகௌளை வரை

'மிசர்லூ' என்றால் எகிப்துக்காரி. அரபியில எகிப்துக்கு மிஸ்ர்னு பேர், துருக்கியில மிஸிர்லி என்றால் எகிப்து ஆள், அது கிரேக்கத்துக்குப் போய் மிசர்லூ. கிரேக்கர், துருக்கியர், அரபியர், யூதர் எல்லாரும் "எங்க பாட்டு"ன்னு சொந்தம் கொண்டாடுறாங்க. தெரிஞ்ச முதல் ஒலிப்பதிவு 1927-ல், இஸ்தான்புல்ல பிறந்து அமெரிக்கா போன தேதோஸ் தெமெத்ரியாதெஸ் பாடினது. 1941-ல் நிக் ரூபனிஸ் என்பவர் அதை ஜாஸ் வாத்திய இசையாக்கித் தன் பேர்ல பதிஞ்சார்.

இதுல நமக்கு என்னன்னு கேட்கிறீங்களா? அந்த மெட்டோட ஸ்வர வரிசையை அரபிக்காரங்க ஹிஜாஸ் கார் மகாம்னு சொல்றாங்க. கிடார்ல எழுதினா ஈ, எஃப், ஜி ஷார்ப், ஏ, பி, சி, டி ஷார்ப். ஈ-யை ஸட்ஜமா வெச்சுப் பாடிப் பாருங்க... ஸ ரி1 க3 ம1 ப த1 நி3. மாயாமாளவகௌளை! 15-வது மேளகர்த்தா. பாட்டு கிளாஸ் முதல் நாள் சரளி வரிசை எதுல ஆரம்பிக்கும்? அதே ராகம். புரந்தரதாசர் வகுத்த முறைன்னு சொல்வாங்க. 'தேவர் மகன்' (1992) படத்து 'மாசறு பொன்னே'வும் அதே ராகம்தான். கமகம் வேற, நுணுக்கமான சுருதி வேற, மனசு வேற. ஆனா ஏணி அதே ஏழு படி. அமெரிக்காக்காரன் காதுக்கு "ஆஹா, மர்மமான கிழக்கு"ன்னு பட்டது, நம்ம ஊர்ல அஞ்சு வயசுப் பிள்ளை தூக்கக் கலக்கத்துல பாடுற பாடம்.

போனது திரும்பியும் வந்தது. 1964-ல் உம் குல்தூம் பாடின 'இன்த்த உம்ரி'க்கு முகமது அப்துல் வஹாப் இசையமைச்சப்ப, அந்த அரபு வாத்தியக் கூட்டத்துக்குள்ள மின்சார கிடாரை உட்கார வெச்சார். அந்த அம்மா 1971 நவம்பர் கடைசியில அபுதாபிக்கே வந்து பாடினாங்க. அமீரகம் ஒரே நாடா உருவான டிசம்பர் 2-க்குச் சில நாள் முன்னாடி. அவங்க குழுவுல பின்னாடி கிடார் வாசிச்ச உமர் குர்ஷித் (1945–1981) என்கிற கெய்ரோக்காரர், 70-கள்ல பெய்ரூட்ல தனியா கிடார் தட்டுகள் போட்டார். அரபு மெட்டு, எதிரொலியில நனைஞ்ச கிடார். கேட்டா 'சர்ஃப்'னுதான் சொல்வீங்க. 36 வயசு முடியுமுன்னே கார் விபத்துல போயிட்டார். 2010-ல் ஒரு அமெரிக்க கம்பெனி 'கிடார் எல் ஷார்க்' என்ற பேர்ல அவரைத் திரும்ப வெளியிட்டது. கேட்காதவங்க அவசியம் கேளுங்க.

சரி, அந்தச் சத்தம் எப்படி வரும்?

நண்பனுக்கு வருவோம். அவன் ஆம்ப்ளிஃபயர்லயே 'ரிவெர்ப்' திருகு இருக்கு, அதை முழுசாத் திருகினாலும் வரலைன்னு புலம்பினான். வராதுதான். ஆம்புக்குள்ள இருக்கிற ரிவெர்ப்ல பெரும்பாலும் ஒரே திருகு, திரும்பி வர்றதை எவ்வளவு கலக்கணும்னு மட்டும் சொல்றது. பழைய தனிப் பெட்டியில டுவெல்னு ஒண்ணு இருக்கே, அது ஸ்பிரிங்கை எவ்வளவு பலமா உதைக்கணும்னு சொல்றது. ஈரம் அங்கேதான் பிறக்குது.

ஏன்னா ஸ்பிரிங்குல எல்லாச் சத்தமும் ஒரே வேகத்துல போகாது. ஒரு ஸ்வரத்துக்குள்ள இருக்கிற தாழ்ந்த அதிர்வு முன்னாடி, உயர்ந்த அதிர்வு பின்னாடி வந்து சேரும். "டக்"னு மீட்டினா "டக்"னு திரும்பாது. இழுபட்டு, "ட்யூவ்"னு சொட்டும். நிஜ அறையில இது நடக்காது. அதாவது ஸ்பிரிங் மண்டபத்தை நகல் எடுக்கறதுல தோத்துப் போச்சு. அந்தத் தோல்வியைத்தான் சர்ஃப்காரங்க ரசிச்சாங்க.

வழிமுறை இதான்:

1. கிடார்ல பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப். தடிமனான கம்பி. டேல் போட்டது 16-லேர்ந்து 60 வரை போகும் கயிறு மாதிரி கம்பி, நமக்கு 11 அல்லது 12 போதும், விரல் முக்கியம்.

2. ஆம்ப் சுத்தமா இருக்கணும். டிஸ்டார்ஷன் கிட்டவே வரக்கூடாது.

3. ரிவெர்ப் ஆம்புக்கு முன்னாடி. டுவெல் பாதிக்குக் கொஞ்சம் மேல, மிக்ஸரும் டோனும் அதே அளவு. அங்கேர்ந்து காது சொல்றபடி.

4. உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் மேல லேசா அமுக்கி, குட்டைக் குட்டையா வெட்டி மீட்டணும். இதான் ரகசியம். ஸ்வரத்தை நீட்டினா எல்லாம் குழம்பிச் சாம்பார். வெட்டினா, வெட்டின இடைவெளியில ஸ்பிரிங் பேசும்.

5. பெட்டியை ஆம்ப் மேல வைக்காதீங்க. ஸ்பீக்கர் அதிர்வை ஸ்பிரிங் வாங்கிக்கிட்டு ஊளையிடும். தள்ளித் தரையில வைங்க. தெரியாம உதைச்சா இடி இடிக்கும், வாட்ச்மேன் மேல வந்துடுவார்.

6. வளைகுடாவாசிகளுக்கு முக்கியம்: அமெரிக்காவிலேர்ந்து பழைய பெட்டி வாங்கினா அது 117 வோல்ட். நம்ம அமீரக பிளக்ல 230 வோல்ட். நேரா செருகினா கதை முடிஞ்சது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். உள்ளே சில நூறு வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கினப்புறமும் கப்பாசிட்டர்ல தங்கியிருக்கும். தெரியாம திறக்காதீங்க.

மாணவர் பர்ஸுக்கு? நிஜ ஸ்பிரிங்கோட, வால்வுக்குப் பதிலா டிரான்சிஸ்டர் வெச்ச சர்ஃபிபேர் மாதிரிப் பெட்டிகள் இருக்கு. இன்னும் கீழே இறங்கினா, 6ஜி15-ஐ டிஜிட்டல்ல நகலெடுத்த பாஸ் எஃப்ஆர்வி-1 பெடல் பழசாக் கிடைக்கும். நல்ல வேளையா அதுலயும் அதே மூணு திருகு.

நண்பன் இப்ப பழைய பெடல் ஒண்ணு வாங்கி, ஹெட்போன் மாட்டிக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கும் தடதடன்னு அடிச்சுக்கிட்டிருக்கான். அவன்கிட்ட நான் சொன்னது இதான்: நீ தேடுறது கடல் சத்தம் இல்லைடா, தூரத்தோட சத்தம். டெலிபோன் தூரத்தை அளக்க ஒரு ஸ்பிரிங், தேவாலயத்தை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு ஆர்கன், லெபனானை விட்டுப் போன குடும்பத்தோட ஒரு ஊத் பழக்கம், ஊர் ஊரா அலைஞ்ச ஒரு எகிப்துக்காரி மெட்டு. எல்லாமே இருந்த இடத்தை விட்டுக் கிளம்பினது. கலிஃபோர்னியா பையன்கள் அதுக்கு 'அலை'ன்னு பேர் வெச்சாங்க. தப்பில்லை, அவங்க ஜன்னல்ல அதான் தெரிஞ்சது.

அம்மாகிட்ட போன வாரம் வீடியோ கால்ல மிசர்லூ போட்டுக் காட்டினேன். ரெண்டு வரி கேட்டுட்டு, "இது சரளி வரிசை மாதிரி இருக்கு, எதுக்கு இவ்வளவு அவசரமா வாசிக்கிறான்?"னு கேட்டாங்க. எதிரொலி இல்லாம, தாமதமில்லாம, துல்லியமா கேட்டுச்சு.

அடுத்த பதிவுல தர்புக்காவும் நம்ம தவிலும். நேரம் கிடைச்சா :-)